கைத்தொண்டில் தொடங்கும் வீட்டுக் கல்வி

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்த பெற்றோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது பயிற்சி ஏடுகளையும் எழுத்து அட்டைகளையும்தான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைக்கு அவை ஏறத்தாழத் தேவையே இல்லை. அந்த வயதில் கற்பதற்கு வேண்டிய கருவிகள் சமையலறையிலும் வாசலிலும் பூசை அறையிலும் முன்பே இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில், எப்படிப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்பதைப் பெற்றோர் கற்றுக்கொண்டால் போதும். சைவக் குடும்பம் ஒன்றில் மூன்று முதல் எட்டு வயது வரை இதை நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். பிற சமயத்தார் தத்தம் வழிபாட்டுக்கும் பண்டிகைகளுக்கும் ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம்.

சைவ நெறி வழிபாட்டைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. முதற்படியான சரியை என்பது உடம்பால் செய்யும் தொண்டு: கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறிப்பது, மாலை தொடுப்பது, விளக்கேற்றுவது. உழவாரப்படையைக் கையில் ஏந்திக் கோயில் கோயிலாகச் சென்று புல் செதுக்கிய அப்பர் பெருமானையே இந்தப் படிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஞானம் கடைசியில்தான் வருகிறது. சிறு குழந்தை வளரும் வரிசையும் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். கை ஒரு வேலையைச் செய்து பழகிய பிறகுதான் அந்த வேலைக்குரிய சொல் பிள்ளைக்குப் பொருளுள்ளதாகிறது. சொல் நிலைத்த பிறகுதான் கருத்து பிறக்கிறது. ஆகவே இந்த முறையில் கல்விக்கு ஒரு நேரம், பக்திக்கு ஒரு நேரம் என்று பிரித்து வைப்பதில்லை. பூசைக்கு வேண்டிய வேலைகளே மூன்று வயதுப் பிள்ளையின் முதல் பாடங்கள்.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது போன்ற வீட்டு வேலைகளே பயிற்சிகளாக இருந்தன. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். அவருடைய முறையைப் பின்பற்ற விலை உயர்ந்த மரக்கருவிகளை வாங்கியாக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வீட்டுச் சொம்பும் டம்ளரும் முறமும் அதே வேலையைச் செய்யும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு

பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டு அலமாரி, உட்கார ஒரு பாய், சிந்தினாலும் சிதறினாலும் எல்லை காட்ட ஒரு தாம்பாளம், பிள்ளையின் கைக்கு அடங்கும் சிறு துடைப்பம், சிறு சொம்பு, இரண்டு துடைக்கும் துணிகள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். இவை பொம்மைப் பொருள்களாக இல்லாமல் உண்மையில் வேலை செய்யும் பொருள்களாக இருக்கட்டும். பூசை அறையிலோ பூசை மாடத்திலோ பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி, அங்கே ஒரு சிறு படம், ஒரு கிண்ணம், திருநீற்றுச் சம்புடம் ஆகியவற்றை வையுங்கள். அந்த இடத்தைத் துடைப்பதும், தினம் ஒரு பூ வைப்பதும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. தீக்குச்சி, எண்ணெய்க் குப்பி, எரியும் விளக்கு ஆகியவை மட்டும் பெரியவர் வசமே இருக்க வேண்டும். திரி திரிப்பதும், பெரியவர் பார்க்க விளக்கில் எண்ணெய் ஊற்றுவதும் பிள்ளை செய்யலாம். ஏற்றுவது ஏழு வயதுக்கு மேல், பெரியவர் அருகில் நிற்கும்போது.

மூன்று, நான்கு வயது: கைக்கு வேலை

ஒரு வேலையைக் காட்டும்போது பேச்சைக் குறைத்து, கையை மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். பேசிக்கொண்டே காட்டினால் பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. ஒரு முறை முழுதாகச் செய்து காட்டிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பிள்ளை துடைத்த இடத்தை அதன் கண்முன்னே மறுபடி துடைக்கக் கூடாது; சரியாக இல்லையென்றால் பிறகு, அது பார்க்காத நேரத்தில் செய்துகொள்ளலாம்.

துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வது எளிய தொடக்கம். முருங்கைக்கீரை ஆய்வது இதைவிட நல்ல வேலை, ஏனென்றால் அன்றைய குழம்பிலோ பொரியலிலோ தன் உழைப்பு இருப்பதைப் பிள்ளை அறியும். சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவதில் முதலில் பருப்பு, பிறகு மணல், பிறகு தண்ணீர் என்று போகலாம். சந்தனக்கல்லில் சந்தனம் இழைப்பது மணிக்கட்டை உறுதியாக்கும். எழுதுவதற்கு அந்த மணிக்கட்டுதான் வேண்டும். பூத்தொடுப்பதில் நான்கு வயதுக்கு முனை மழுங்கிய பெரிய ஊசியில் சாமந்தியைக் கோப்பது சரியாக இருக்கும். வாழைநாரில் முடிச்சுப் போட்டுக் கட்டுவதற்கு ஐந்து, ஆறு வயதாக வேண்டும். இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு என்று மாறி மாறி வருவதைக் கை பழகிக்கொள்ளும்போது இரட்டை எண்களும் மனத்தில் பதிகின்றன. இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருநீறும் பிரசாதமும் வலக்கையால் வாங்குவது வழக்கம் என்று சொல்லித்தரலாம், பிள்ளைகள் அதை எளிதாகப் பின்பற்றுவார்கள். எழுதும் கையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற முயலாதீர்கள்.

எழுத்து

விசயதசமி அன்று தாம்பாளத்தில் நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, பெரியவர் மடியில் பிள்ளையை அமர்த்தி, அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கும் ஏடு தொடக்கும் சடங்கு நம்மிடம் இருக்கிறது. இந்தச் சடங்கில் ஒரு கற்பித்தல் நுட்பமும் அடங்கியிருக்கிறது. பென்சிலைப் பிடிக்கும் வலிமை விரலுக்கு வருவதற்கு முன்பே, எழுத்தின் வடிவத்தை விரல்நுனியின் தொடு உணர்ச்சி அறிந்துகொள்கிறது. அன்றோடு அதை நிறுத்தாமல், தாம்பாளத்தில் மணலையோ ரவையையோ மெல்லியதாகப் பரப்பி வைத்து, நாளும் சில நிமிடங்கள் விரலால் எழுதவிடுங்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதித்தான் பிள்ளைகள் கற்றார்கள். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைப் பார்த்துத் தம் பொறுப்பில் இருந்த பள்ளியில் புகுத்தி, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட, சென்னை முறை என்ற பெயரிலேயே அது அங்கே பரவியது.

முதலில் ஒலி, பிறகு வடிவம். "அப்பா, அண்ணா, அரிசி எல்லாம் எந்த ஒலியில் தொடங்குகிறது?" என்று பேச்சில் விளையாடிய பிறகே அந்த எழுத்தைக் காட்ட வேண்டும். எழுதுவதை அ, ஆ என்ற வரிசையில் தொடங்குவது பிள்ளைக்குக் கடினம், ஏனென்றால் அந்த வரிசையின் தொடக்கத்திலேயே சுழிகள் நிறைந்த எழுத்துகள் வருகின்றன. நேர்கோடுகளால் ஆன ட, ப இரண்டையும், அவற்றை அடுத்து ம எழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தால் எழுத்தின் ஒலி சுருங்கும் என்பதை அடுத்த நாள் சொல்லித்தந்தால், இந்த மூன்று எழுத்துகளைக் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் பிள்ளை தானே படித்துவிடும். தொடங்கிய சில நாளிலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படிக்கும் பிள்ளைக்கு வரும் ஊக்கத்தை வேறு எதனாலும் கொடுக்க முடியாது. பிறகு ய, ர, க, த, ச, வ, ல என்று வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துக்கொண்டே போகலாம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. மெய்யெழுத்துகளைப் புள்ளி இல்லாமல் ஒரு நிற அட்டையிலும், கால், கொம்பு, கொக்கி போன்ற குறிகளை வேறு நிற அட்டையிலும் எழுதி வெட்டிக்கொடுத்தால், அவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் பிள்ளையே உயிர்மெய்யைக் கண்டுபிடிக்கும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் குறியாகப் பிரியாமல் எழுத்தோடு ஒட்டி வருவதால் அவற்றை மெதுவாக, தனியாகப் பழக்க வேண்டும்.

ஆத்திசூடியை வாயால் சொல்லித்தருவது எல்லா வீடுகளிலும் உண்டு. அதோடு வாரத்துக்கு ஓர் அடியை எடுத்து, அதற்கு ஒரு செயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈகையைச் சொல்லும் அடி வரும் வாரத்தில் பிடியரிசிப் பானை ஒன்றைத் தொடங்கலாம். ஒவ்வொரு நாளும் உலை வைக்கும் முன்பு பிள்ளை தன் கையால் ஒரு பிடி அரிசியை அந்தப் பானையில் போட வேண்டும். மாதக் கடைசியில் அதை உழக்கால் அளந்து, அளவை ஏட்டில் எழுதி, கோயில் அன்னதானத்துக்கோ தேவையுள்ள ஒரு வீட்டுக்கோ பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எழுத்தும் எண்ணும் அறமும் ஒரே பானையிலிருந்து வருகின்றன.

எண்ணும் அளவும்

என்னைக் கேட்டால், தமிழ் வீட்டின் வாசலில் போடும் கோலத்துக்கு இணையான கணக்குப் பாடம் எந்த நூலிலும் இல்லை. ஆண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வயதில் கோலமாவைக் கிள்ளி எடுத்துப் புள்ளி வைப்பது மட்டும் போதும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து இயங்கும் அந்தப் பிடியே பின்னாளில் பென்சில் பிடியாகிறது. ஐந்து வயதில் நேர்ப்புள்ளி: மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஆறு வயதில் இடைப்புள்ளி, அதாவது ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளிகளை வைப்பது: ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை என்றால் நடுவில் 7, அதன் இருபுறமும் 6, 5, 4. எல்லாம் சேர்ந்து எத்தனை என்று கேட்டால் பிள்ளை எண்ணிப் பார்த்து 37 என்று சொல்லும். "எண்ணாமல் எப்படிச் சொல்லலாம்?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் ஒரு பக்கத்தைக் கூட்டி இரட்டித்து, நடு வரிசையைச் சேர்த்தால் போதும் என்று பிள்ளை கண்டுகொள்ள ஒரு வாரமானாலும் ஆகட்டும், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஏழு, எட்டு வயதில் இதைவிட அழகான ஒன்று காத்திருக்கிறது. 1, 2, 3, 2, 1 என்று இடைப்புள்ளி வைத்தால் மொத்தம் 9. மும்மூன்றாக மூன்று வரிசை நேர்ப்புள்ளி வைத்தாலும் 9. 1, 2, 3, 4, 3, 2, 1 என்று வைத்தால் 16. நான்கு நான்காக நான்கு வரிசை வைத்தாலும் 16. ஐந்துக்கும் ஆறுக்கும் புளியங்கொட்டைகளை அடுக்கிப் பிள்ளை சோதித்துப் பார்க்கட்டும். சதுரக் கோலத்தைத் தாம்பாளத்தில் அடுக்கி, தாம்பாளத்தைச் சற்றே திருப்பி மூலையில் நிற்கவைத்தாற்போல் பார்த்தால் இரண்டும் ஒரே கோலம்தான் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். வர்க்கம் என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பின்னத்துக்குப் பழைய முகத்தல் அளவைகள் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எனவே உரி என்பது அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. அரிசியை அளந்து ஊற்றி ஊற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு எட்டில் ஒன்று என்பது கால்வாசியை விடச் சிறியது என்று விளக்க வேண்டியதே இல்லை. எட்டு என்பது நான்கைவிடப் பெரிய எண் என்பதால் தாளில் மட்டும் பின்னம் கற்கும் பிள்ளைகள் குழம்பும் இடம் இதுதான். படி இல்லாத வீட்டில் ஒரு பாத்திரத்தையும், அதை எட்டு முறையில் நிரப்பும் ஒரு டம்ளரையும் தேடி எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது அரிசி, பருப்பு, வெல்லம் மூன்றின் அளவையும் பிள்ளையே அளந்து, ஏட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த முறை விருந்தினர் வந்தால் அளவை இரட்டிக்க வேண்டும் என்ற உண்மையான கணக்கு தானாகவே வந்து சேரும்.

பல்லாங்குழியும் நல்லது. 14 குழிகளில் குழிக்கு 5 என்றால் 70, 6 என்றால் 84 என்று முதலில் நிரப்பவைத்து, பிறகு ஆடவிடுங்கள். வகுத்தலும் மீதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

மாதங்களோடு சேர்ந்த அறிவியல்

தினம் தாள் கிழிக்கும் நாட்காட்டியைப் பிள்ளையின் உயரத்தில் மாட்டுங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி ஆகியவற்றைக் காலையில் படித்துச் சொல்வது ஆறு வயதுக்கு மேல் நாள்தோறும் நடக்கும் வாசிப்புப் பயிற்சி. மாலையில் மொட்டை மாடியில் நின்று நிலவைப் பார்த்து, ஒரு வட்டத்துக்குள் அதன் வடிவத்தை வரையச் சொல்லுங்கள். அமாவாசை கழிந்து இரண்டு, மூன்று நாளில் சூரியன் மறைந்ததும் மேற்கில் மெல்லிய பிறை தெரியும். சிவபெருமான் சடையில் பிள்ளை பார்த்திருக்கும் பிறை அதுவே. நாளாக ஆக நிலவு பெருத்துக்கொண்டும், மாலையில் முதலில் தெரியும் இடம் கிழக்கே நகர்ந்துகொண்டும் போய், பௌர்ணமி அன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழுவதை ஒரு மாதப் படங்கள் காட்டிவிடும். சதுர்த்தி நான்காம் நாள், சட்டி ஆறாம் நாள், ஏகாதசி பதினொன்றாம் நாள், பிரதோஷம் பதின்மூன்றாம் நாள் என்பதை அந்தப் படங்களின் மேலேயே குறிக்கச் சொன்னால், வீட்டில் நடக்கும் விரதங்களுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்குத் தெளிவாகும்.

மார்கழியில் ஒரு பூந்தொட்டியில் நேரான குச்சி ஒன்றை நட்டு, மாடியில் வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் நண்பகலை ஒட்டி ஒரே நேரத்தில் அதன் நிழலின் நுனியைச் சாக்குக்கட்டியால் குறியுங்கள். தொட்டியை நகர்த்தவே கூடாது. தை பிறந்ததிலிருந்து நிழல் குறுகிக்கொண்டே வந்து, தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் ஏறத்தாழ இல்லாமலே போகும். சென்னையில் அது ஏப்ரல் 24-ஐ ஒட்டி வரும். அதன் பிறகு நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். ஆகஸ்டில் மறுபடியும் ஒரு நாள் நிழல் மறைந்து, வடக்குப் பக்கம் திரும்பும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கம் சொல்லும் சூரியனின் போக்குவரவைத் தரையில் கோடுகளாகப் பார்த்த பிள்ளை, பொங்கல் அன்று சூரியனுக்குப் படையல் இடும் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

முளைப்பாரி காலத்தில் இரண்டு தொட்டிகளில் பாசிப்பயற்றை விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வையுங்கள். இருட்டில் வளர்ந்தது உயரமாகவும் வெளிறிய மஞ்சளாகவும், வெளிச்சத்தில் வளர்ந்தது குட்டையாகவும் பச்சையாகவும் இருக்கும். அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போகும் முளைப்பாரி மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் அதை நிழலான அறையில் வளர்ப்பதே என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும். அந்த வாரத்துக்கு இளையான்குடி மாறனார் கதை பொருந்தும்: நள்ளிரவு மழையில் வந்த அடியாருக்கு உணவிட, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தவர் அவர்.

கோயிலுக்குப் போகும்போது கூட்டமில்லாத வேளையில் போங்கள். தலமரத்தின் இலையையும் பட்டையையும் பார்த்து வரையலாம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரம், திருவானைக்காவில் வெண்ணாவல், மதுரையில் கடம்பு, திருநெல்வேலியில் மூங்கில் என்று ஊருக்கு ஒரு மரம் தலமரமாக இருக்கிறது. சிதம்பரத்துக்குரிய தில்லை மரத்தின் பாலை மட்டும் தொடவிடக் கூடாது, அது கண்ணில் பட்டால் தீங்கு செய்யும். தூண்களை எண்ணுவது, வாகனங்களை அடையாளம் காண்பது, எந்தக் கோபுரம் எந்தத் திசை என்று சொல்வது ஆகியவை தானாக வரும். உழவாரப்பணி நடக்கும் நாளில் பிள்ளையோடு சென்று ஒரு மணி நேரம் புல் பிடுங்கிவிட்டு வருவது இவை எல்லாவற்றையும்விட மேலானது.

பக்தியை ஊட்டும் முறை

"சாமி கண்ணைக் குத்தும்" என்ற சொல்லை வீட்டிலிருந்து நீக்குங்கள். பாட்டி, தாத்தா, அத்தை எல்லோரிடமும் பணிவாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். பிள்ளையை அடக்குவதற்குக் கடவுளை ஒரு கருவியாகப் பயன்படுத்தினால், பிள்ளை அடங்கும், ஆனால் அன்பு வராது. வழிபாட்டைத் தண்டனையாகவோ பரிசாகவோ கொடுக்கவும் கூடாது. மூன்று வயதுப் பிள்ளையால் பூசையில் ஐந்து நிமிடம்தான் நிற்க முடியும் என்றால் அந்த ஐந்து நிமிடம் போதும். மணி அடிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் முழுமையாக இருக்கும்.

நாயன்மார் கதைகளில் தேர்வு வேண்டும். எட்டு வயதுக்குள் சொல்வதற்குக் கையால் தொண்டு செய்தவர்களின் கதைகளே ஏற்றவை. அடியார்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்த காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டர் கதையைச் சொன்ன அன்று பிள்ளை தன் கைக்குட்டையைத் தானே துவைத்துக் காயப்போடட்டும். மனத்திலேயே கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலாரைக் கேட்ட பிறகு களிமண்ணால் ஒரு கோயில் கட்டலாம். கண் தெரியாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். முற்றத்தில் இரண்டு கம்புகளுக்கிடையே கயிறு கட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கூடை மணலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால், அந்தப் பெரியவரின் உறுதியைப் பிள்ளையின் உடம்பே உணர்ந்துகொள்ளும். சிறுத்தொண்டர் கதையையும், கண்ணப்பர் கண்ணை அப்பும் பகுதியையும் பத்து வயதுவரையாவது ஒத்திவையுங்கள். அவற்றின் உட்பொருளைத் தாங்கும் மனம் அதற்கு முன் வருவதில்லை; அச்சம்தான் மிஞ்சும்.

பாடல்களைப் பொறுத்தவரை, பொருள் புரியவில்லை என்பதற்காக ஒத்திவைக்க வேண்டியதில்லை. செவியும் நாவும் கூர்மையாக இருக்கும் வயது இது. மார்கழியில் திருவெம்பாவையின் 20 பாடல்களில் ஆண்டுக்கு ஐந்து என்று பண்ணோடு பழக்கினால், நான்கு மார்கழியில் முழுதும் வந்துவிடும். பொருளை வற்புறுத்தாமல், ஒரு பாட்டுக்கு ஒரு சொல்லை மட்டும் விளக்கிக்கொண்டே போகலாம்.

பிள்ளைகளின் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். கிரகணத்தின்போது இராகு விழுங்கும் கதையைச் சொல்லலாம், கதை என்று சொல்லியே சொல்லுங்கள். அன்று மாலை இருட்டறையில் விளக்கைச் சூரியனாகவும், பந்தைப் பூமியாகவும், எலுமிச்சம்பழத்தை நிலவாகவும் வைத்து நிழல் விழுவதைக் காட்டுங்கள். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆரியபட்டர் கிரகணத்துக்கு நிழலே காரணம் என்று எழுதிவைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கவிடக் கூடாது. "சாமி எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் நீங்கள் உண்மையில் நம்புவதைச் சொல்லுங்கள், நம்பாததைச் சொல்லாதீர்கள், அந்த வேறுபாட்டைக் குழந்தை மிக விரைவில் கண்டுபிடித்துவிடும். பக்கத்து வீட்டு நோன்புக் கஞ்சியும் கிறித்துமசுப் பலகாரமும் வரும்போது அவர்கள் கும்பிடும் முறையையும் மரியாதையோடு சொல்லித்தர வேண்டும்.

ஒரு நாளின் போக்கு

விரிவான கால அட்டவணை வேண்டாம். காலையில் குளியல், திருநீறு, கோலம், விளக்கு; பலகாரத்துக்குப் பிறகு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் எழுத்தும் எண்ணும்; அதன்பின் சமையலறை வேலையோ தோட்டமோ; மதிய உறக்கம்; மாலையில் தெருவிலோ பூங்காவிலோ மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டு; விளக்கு வைத்ததும் பாட்டும் கதையும். விளையாட்டுத் துணையை ஒருபோதும் குறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை திருமுறை வகுப்போ, வீட்டில் கற்கும் பிள்ளைகளின் சந்திப்போ இருந்தால், வரிசையில் நிற்பது, விட்டுக்கொடுப்பது, தோற்பது ஆகியவற்றை அங்கே கற்றுக்கொள்வார்கள்.

சட்டமும் பதிவுகளும் உடல்நலமும்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் குறிப்பிடவில்லை. வீட்டுக் கல்வியை வெளிப்படையாக அனுமதிக்கும் பிரிவும் இல்லை, தடைசெய்யும் பிரிவும் இல்லை. இந்தத் தெளிவின்மையை அறிந்துகொண்டே முடிவெடுங்கள். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஆறு வயது கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கலாம். ஆகவே பிற்பாடு பள்ளிக்குப் போக விரும்பினால் வழி அடைபடுவதில்லை. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. அவை 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையானவை. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயது நிறைந்த பிறகு அங்கே எழுதலாம். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே பெறலாம். அவற்றை நாள்தோறும் நடத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரட்டி, பிள்ளையின் வயதுக்குரிய பாடங்களில் விடுபட்டது எது என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பதே அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கம். அந்த அளவுகோலை உங்கள் வீட்டுக்கும் வைத்துக்கொள்வது நியாயமானது. எட்டு வயதாகியும் எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தாலோ, படிப்பது மிகக் கடினமாக இருந்தாலோ, பக்தியும் பொறுமையும் போதும் என்று காத்திருக்காமல், கற்றல் குறைபாடுகளை அறிந்த வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

பள்ளியில் தானாக நடந்துவிடும் சிலவற்றை வீட்டில் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசி, ஆண்டில் இருமுறை கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை, கண் பரிசோதனை, பல் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் பிள்ளையின் பெயரைப் பதிந்து வைத்தால் உரிய நேரத்தில் தகவல் சொல்வார்கள்.

மாதத்துக்கு ஓர் உறை என்று வைத்து, பிள்ளை எழுதிய தாள்கள், நிலவுப் படங்கள், பிடியரிசிக் கணக்கு, நிழற்குறிகளின் அளவு, கட்டிய கோயிலின் ஒளிப்படம் ஆகியவற்றைத் தேதியிட்டுப் போட்டுவையுங்கள். படித்த கதைகளின் பெயர்களையும், பிள்ளை கேட்ட கேள்விகளையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்கலாம். பள்ளிச் சேர்க்கையின்போதோ திறந்தநிலைப் பள்ளியில் பதியும்போதோ பிள்ளை என்ன கற்றது என்று யாரேனும் கேட்டால், இந்த உறைகளையே எடுத்துக் காட்டலாம்.